பதினேழாவது பேரு

இல்லீங்க மேடம், கையெழுத்து போட மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்? போடறேன். மொதல்ல உக்காருங்க. அந்த சேரு வேணாம், காலு ஆடும், போன தடவ வந்த சாரு அதுலேருந்துதான் உழுந்தாரு. தோ, இந்த ட்ரம்மு மேல சாக்கு மடிச்சி போட்டுருக்கேன், இதுல உக்காருங்க. டிரைவர வண்டிய இந்த தகர செட்டுக்கு அந்தாண்ட நெழல்ல போட சொல்லுங்க. இங்கயே நின்னா கரி ஓடற பெல்ட்டுலேருந்து தூளு வந்து படிஞ்சிடும், அப்பறம் அத்த வெள்ள ஜீப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. டீ குடிக்கறீங்களா? பிளாஸ்க்குல இருக்குது. சக்கர கொஞ்சம் தூக்கலா போட்டுருப்பான், பரவால்லீங்களா?

தெரியும் மேடம். சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள கடலூரு போவணும், லிஸ்ட்ட மேல அனுப்பணும், சென்னையில கேட்டுகினு இருக்காங்க. ஜீப்புலேருந்து எறங்க சொல்லவே சொல்லிட்டீங்க. மொத்தம் இருவத்தி நாலு பேரு. இருவத்தி மூணு பேரு அதே ஆளுங்க. பதினேழாம் நம்பர்ல மட்டும் பழைய பேர அடிச்சிட்டாங்க, புதுசா எழுதணும், வெண்மதின்னு. இருவத்தி நாலு பேரும் கடல்ல எண்ணெ கொட்டுனா அள்றதுக்கு பயிற்சி எடுத்தவங்கதான்னு சூப்பர்வைசர் கலியன், அதாவது நானு, கீழ ஒரு கையெழுத்து. ஒரு நிமிச வேல. அந்த ஒரு நிமிச வேலைக்கு முன்னாடி ஒரு பத்து நிமிசம் எனக்கு குடுங்க, அவ்ளதான் கேக்கறேன்.

நீங்க வந்து ரெண்டு வாரந்தான் ஆவுதுன்னீங்க. ஈரோட்டுப் பக்கமா? பேச்சுல தெரியுது. ஏனுங்கன்னு ஒரு தடவ வாயில வந்துடிச்சி. நல்ல ஊரு மேடம். கடலு இல்லாத ஊரு.

ஆமா, நெய்வேலியிலயும் கடலு இல்ல. இருக்கறது சொரங்கம், கரி, பெல்ட்டு, அதுக்கு நடுவுல நாங்க. அப்பறம் இந்த ஊருக்காரன் பேரு எதுக்கு கடல் லிஸ்டுல இருக்குதுன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்வி. நானும் கேட்டேன், எனக்கு யாரும் பதில் சொல்லல. நான் தெரிஞ்சிகினத சொல்றேன்.

தானே புயலு அடிச்சிட்டு போன பொறவு ஒரு பொஸ்தகம் போட்டாங்க. வெள்ளம் வந்தா படகு எங்க இருக்குது, மரம் உழுந்தா ரம்பம் யாராண்ட இருக்குது, யாருக்கு போன் பண்றதுன்னு பக்கம் பக்கமா. அதுல ஒரு பக்கம், கடல்ல எண்ணெ கொட்டுனா. கப்பலு மோதிகினாலோ தரதட்டிப்போச்சின்னாலோ எண்ணெ கரைக்கு வரும் இல்லீங்களா, அத்த அள்றது யாரு? ஒரு ஆபீசு சொல்லிச்சாம், தண்ணில இருக்கற வரைக்கும் எங்க பொறுப்பு, கரைக்கு வந்துட்டா உங்க பொறுப்புன்னு. இன்னொரு ஆபீசு, கரைன்னா எது, அல தொடற எடமா தொடாத எடமான்னு கேட்டுச்சாம். ஆபீசு பேரெல்லாம் வேணாம் மேடம், எனக்கு எதுக்கு வம்பு. கடைசில கரைக்கு வந்தா அள்றதுக்கு ஆளு வேணும்னு வந்து நின்னுச்சி. கடலூர்ல எண்ணெ தெரிஞ்ச ஆளு யாரு? யாருமில்ல. யாரோ ஒருத்தரு சொல்லிட்டாரு, நெய்வேலில ஒரு கான்ட்ராக்டரு இருக்காரு, கொளஞ்சிநாதன்னு பேரு, பெல்ட்டு கியர்பாக்ஸுலேருந்து ஒழுவற எண்ணெய அவரு ஆளுங்கதான் மரத்தூளு போட்டு வழிச்சி எடுக்கறாங்கன்னு. எழுதிட்டாங்க. எண்ணெ கையாளத் தெரிந்தவர்கள், நெய்வேலி, இருவத்தி நாலு. அந்த கான்ட்ராக்டரு ஆளுங்க நாங்கதான்.

கியர்பாக்ஸுல ஒழுவற எண்ணெ ஒரு பக்கெட்டு மேடம். அது எங்குளுக்கு தெரியும். கடலு எங்குளுக்கு வருசத்துல ஒரு நாளு. மாசி மகத்துக்கு டெம்போவுல அடச்சிகினு போவோம், மூணு முழுக்கு போடுவோம், பொரி வாங்கி தின்னுகினே திரும்பிடுவோம். எங்க ஊட்டம்மா சாமியம்மா முட்டி வரைக்கும் எறங்கிட்டு செம்புல மொண்டு தலையில ஊத்திக்கும். அதுக்கே என் கைய புடிச்சிக்கும்.

வேணாம்னு சொல்லியிருக்கலாந்தான். சொல்ல மாட்டோம் மேடம். இந்த ஊரு பக்கம் லிஸ்டுன்னா என்னான்னு நீங்க தெரிஞ்சிக்கணும். எங்க அப்பாரு கம்மாபுரத்தாண்ட அடுத்தவங்க நெலத்துல ஏரு ஓட்டுனவரு. சொரங்கத்துக்கு நெலம் எடுத்தாங்க. நெலம் குடுத்தவங்க பேரு ஒரு லிஸ்டுல ஏறிச்சி, அதுல சில பேரு பர்மனெண்ட்டு ஆனாங்க, குவார்ட்டர்ஸுக்கு போனாங்க, புள்ளைங்க இஞ்சினியரு. எங்க அப்பாரு பேருல ஒரு குழி நெலம் கெடையாது. எத்த குடுத்து லிஸ்டுல ஏறுவாரு? நாத்து நட்ட எங்க அம்மா பேரு எதுல ஏறும்? நான் யாரையும் குத்தம் சொல்லல, நடந்தத சொல்றேன். அதுலேருந்து எங்க ஜனத்துக்கு லிஸ்டுன்னா ஒரு கிறுக்கு. எதுக்கு லிஸ்டுன்னு கேக்க மாட்டோம். எம் பேரு இருக்குதான்னுதான் கேப்போம்.

இருங்க மேடம். ஒரு நிமிசம்.

சைரன் மேடம். பெல்ட்டு ஓட்டப் போறாங்கன்னு ஊதறது. இப்ப நாம செட்டுக்குள்ளதான் இருக்கோம், நமக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஊதுனா என் வாயி தானா மூடிக்கும். இருவத்தெட்டு வருசப் பழக்கம். அடியில ஆளு குனிஞ்சி கரி வழிச்சிகினு இருப்பான், ஊதுனவொடனே கையில இருக்கறத போட்டுட்டு வெளிய வந்துடணும், நான் தல எண்ணணும். ஒரு ஆளு கொறஞ்சாலும் பெல்ட்டு ஓரமா ஓடற கயித்த இழுத்து நிறுத்தணும். எங்க வூட்ல தட்டுல சோத்த வச்சிகினு இருக்க சொல்ல ஊதுனாகூட கையி நின்னுடும். சாமியம்மா சிரிக்கும்.

சரி, பயிற்சிக்கு வரேன். ரெண்டாயிரத்து பதினாலு, ஆடி மாசம். கடலூரு துறைமுகத்தாண்ட ரெண்டு நாளு. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பயிற்சி குடுத்தவரு நல்ல மனுசன். தூத்துக்குடிக்காரரு, கப்பல்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு. மஞ்ச சூட்டு பத்து வந்துச்சி. ஆளு இருவத்தி நாலு. மாத்தி மாத்தி போட்டுகினு போட்டோ எடுத்துகினோம். எனக்கு போட்டதுல முன்னாடி போட்டவனோட வேர்வ சொட்டிகினு இருந்துச்சி. தண்ணில மெதக்கற வேலின்னு ஒண்ணு, ஆரஞ்சு கலர்ல நீட்டா, எண்ணெய பரவ விடாம வளச்சிக்குமாம். அதயும் இழுத்துப் போட்டு போட்டோ. அது வேற ஊருலேருந்து எரவல் வாங்கியாந்தது, சாயந்தரமே லாரி ஏத்திட்டாங்க. ஆனா உங்க பொஸ்தகத்துல பாருங்க, எரநூறு மீட்டரு வேலி நெய்வேலி செட்டுல இருக்குதுன்னு போட்டுருக்கும். இருக்குதா? நீங்களே பாருங்க. நாலு மம்புட்டி, ரெண்டு தள்ளு வண்டி, மரத்தூளு மூட்ட. போட்டோல இருக்குது மேடம், செட்டுல இல்ல.

அந்த தூத்துக்குடிக்காரரு கடைசி நாளு எங்கள மண்ணுல உக்கார வச்சி மூணு வெரல காட்டுனாரு. எண்ணெ கரையில மணலு மேல படிஞ்சா பிரச்சன இல்ல, யாரு வேணா அள்ளலாம். கல்லு மேல படிஞ்சாதான் ஆளக் கொல்லும்னாரு. கல்லு மேல போறவன் மூணு ஞாபகம் வச்சிக்கணும். ஒண்ணு, காலு வைக்கறதுக்கு முன்னாடி இடுப்புல கயிறு. ரெண்டு, தனியா எறங்காத, ஜோடியா எறங்கு. மூணு, கடலுக்கு முதுக காட்டாத. உக்காந்து சொரண்ட சொல்ல கடலப் பாத்தாப்பலயே உக்காரு, அல வர்றது கண்ணுக்கு தெரியணும். நான் சொல்லிக் குடுத்த மத்த எல்லாத்தயும் மறந்துடுங்க, இந்த மூண மறக்காதீங்கன்னு சொல்லிட்டு ஒவ்வொருத்தனையா எழுப்பி ஒப்பிக்க வச்சாரு. எனக்கு இன்னிக்கும் தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் வரும்.

அப்பறம் ஒரு மாசத்துல சர்டிபிகேட்டு வந்துச்சி. சிங்கம் போட்ட சீலு, பச்ச இங்க்கு கையெழுத்து. கொளஞ்சிநாதன் அதப் பாத்துட்டு, சர்டிபிகேட்டு இருக்கறவனுக்குத்தான் மொதல்ல கேட் பாஸுன்னுட்டாரு. கேட் பாஸு இல்லன்னா உள்ள வுட மாட்டாங்க மேடம், உள்ள போவலன்னா வேல இல்ல. கடல்ல எண்ணெ கொட்டுமா கொட்டாதா, அது யாருக்கு தெரியும். கேட் பாஸு கெடச்சிது. நாங்க பொங்கலு வச்ச மாதிரி இருந்தோம்.

கொட்டிச்சி. போன வருசம் தை மாசம், பொங்கலு முடிஞ்சி பத்து நாளு இருக்கும். ஒரு எண்ணெக் கப்பலு, பேரு எனக்கு வாயில வராது, கடலூருக்கு தெக்க தரதட்டிச்சி. மொத நாளு யாரும் எங்கள கூப்புடல. பொஸ்தகத்துல இருக்கற போன் நம்பரு இந்த செட்டு நம்பரு, அந்த லைனு அறுந்து ரெண்டு வருசம். ரெண்டாவது நாளு வேலி வந்துச்சாம், ரெண்டு ஆபீசுலேருந்து ரெண்டு வேலி. ஒண்ணோட ஒண்ணு சேக்க போனா ஜாயிண்டு சேரல. இதுக்கு ஒரு மாதிரி கொக்கி, அதுக்கு ஒரு மாதிரி கொக்கி. எந்த கொக்கி சரின்னு ஆபீசருங்க பேசிகினு இருக்க சொல்ல எண்ணெ அதுபாட்டுக்கு கரைக்கு வந்துடிச்சி. மூணாவது நாளு யாரோ கொளஞ்சிநாதன் செல்லுக்கு போட்டாங்க. நாலாவது நாளு காத்தால டெம்போ வந்து நின்னுச்சி.

மொத்த ஆளும் போவ முடியாது, இங்க ஷிஃப்டு நடக்கணும். பதினாலு பேரு போனாங்க. நான் போவல. சூப்பர்வைசரு இல்லாம பெல்ட்ட தொட வுட மாட்டாங்க. நல்லா பாத்து செய்ங்கடான்னு டெம்போ கதவ தட்டி அனுப்பிட்டு வந்துட்டேன்.

அங்க என்னா இருந்துச்சின்னு டெம்போவுல போன மாடசாமி சொன்னான். பக்கெட்டு, பிளாஸ்டிக் மொறம், சிமெண்ட்டு சட்டி. குப்பத்து ஜனம் எறங்கி அள்ளுது, காலேஜு புள்ளைங்க அள்ளுது, கையில கவரக் கட்டிகினு. தாரு மாதிரி எண்ணெ. அள்ளி குழியில ஊத்துனா அடுத்த அல இன்னும் ரெண்டு பங்கு கொண்டாந்து போடுது. மொத நாளு மணலு மேல அள்ளியாச்சி. ரெண்டாவது நாளு காத்தால ஒரு ஆபீசரு உங்க லிஸ்ட்ட கையில வச்சிகினு பேரு கூப்டாரு. பயிற்சி எடுத்தவங்க எல்லாம் இந்தாண்ட வாங்க, நீங்க கல்லு மேல. பயிற்சி இல்லாதவங்க மணலு மேல. கல்லுன்னா தூண்டில் வளைவு மேடம், கடலு அரிக்காம இருக்க கருங்கல்லு கொட்டி நீட்டா கடலுக்குள்ள போட்டுருப்பாங்களே, அது. அந்த ஆபீசரு செஞ்சது சரிதான். நானா இருந்தாலும் அப்பிடித்தான் பிரிச்சிருப்பேன்.

பதினோரு மணி இருக்கும். ஜோடியாத்தான் எறங்கியிருக்காங்க, மாடசாமியும் பதினேழாம் நம்பரும். மாடசாமி கடலப் பாத்தாப்பல உக்காந்து சொரண்டறான். அந்தப் பையன் இவனப் பாத்தாப்பல, கடலுக்கு முதுக காட்டிகினு உக்காந்துருக்கான். மாடசாமி அல வர்றதப் பாத்துட்டு கத்திகினே மேல தாவிட்டான். இவன் எதுக்கு கத்தறான்னு அவன் தலைய தூக்கி மாடசாமியத்தான் பாத்துருக்கான். பின்னால திரும்பல. முதுகுல அடிச்சி முன்னால தள்ளிச்சி, நெத்தி கல்லுல. கயிறு கட்டியிருந்தான் மேடம். கயிறு அறுவல. அதனாலதான் கடலோட போவாம ஒடம்பாவது கெடச்சிது.

ஆமா மேடம், அந்த அடிச்ச பேருதான். கார்முகில். இருவத்தி ஏழு வயசு. குள்ளஞ்சாவடிக்காரன். அழுத்தமா அடிச்சிருக்காங்க, இல்ல? பின்பக்கம் தெரியுது பாருங்க.

வெண்மதி அவன் பொண்டாட்டி. ஒரு பொம்பளப் புள்ள, இப்ப மூணு வயசு. வெண்மதி எம் பொண்ணு.

வேணாம் மேடம், எழுந்துக்காதீங்க. ஒண்ணும் ஆவல. வருசம் ஒண்ணர ஆயிடிச்சி. நீங்க டீய குடிங்க, ஆறிடும்.

ரிப்போர்ட்டு பாத்திருப்பீங்களே, பைலுல இருக்குதா? முறையாகப் பயிற்சி பெற்றவர், விதிப்படி கயிறு அணிந்திருந்தார், எதிர்பாராத அலை. சர்டிபிகேட்டு ஜெராக்ஸ் கூட வச்சிருப்பாங்க. அந்த ஜெராக்ஸு எல்லாரயும் காப்பாத்திடிச்சி. கொளஞ்சிநாதன் தப்பிச்சாரு, ஆபீசருங்க தப்பிச்சாங்க, நானும் தப்பிச்சேன். எம் பொண்ணுக்கு வர வேண்டிய பணமும் அந்த ஜெராக்ஸாலதான் வந்துச்சி. அவன் ஒருத்தனத் தவுர எல்லாருக்கும் அது நல்லதுதான் பண்ணிச்சி.

நான் ஏன் இத்த சொல்றேன்னா, அவன் அந்தப் பயிற்சிக்கு வரவே இல்ல மேடம்.

எழுதிக்கறதுன்னா எழுதிக்குங்க. நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்த வருசம் வைகாசிலதான் கல்யாணம். ஆடி பொறந்ததும் வெண்மதிய நாங்க அழச்சிகினு வந்துட்டோம், மொத ஆடிக்கு புது மாப்பிளயும் பொண்ணும் ஒண்ணா இருக்கக்கூடாதுன்னு வழக்கம், உங்க பக்கமும் இருக்குமே. அவன் குள்ளஞ்சாவடில முந்திரி லோடு ஏத்திகினு இருந்தான், லிஸ்டுக்கு அவன் பேர நான்தான் குடுத்து வச்சிருந்தேன். ரெண்டு நாளு லீவு கேட்டா வேற ஆளப் போட்டுடுவாங்க, நான் வரல மாமான்னுட்டான். நானு பாத்தேன். மாப்பிளைக்கு ஆடிச் சீரு செய்யணும். அவனவன் வண்டி வாங்கி குடுக்கறான், மோதரம் போடறான். எனக்கு எது முடியும்? வருகைப் பதிவுல அவன் பேருக்கு நேரா ரெண்டு நாளும் நானே இடது கையால கையெழுத்து போட்டேன். ஆடி முடிஞ்சி பொண்ண அழச்சிகினு போவ வந்தான், வேட்டி சட்டையோட அந்த சர்டிபிகேட்ட லேமினேட் பண்ணி தட்டுல வச்சி குடுத்தேன். வாழ்க்கையில எங்க வூட்டு மனுசங்க பேரு கவர்மெண்ட்டு லிஸ்டுல ஏறிச்சின்னு எனக்கு அன்னிக்கு நெஞ்சே நிமிந்து போச்சி. கண்ணுல ஒத்திகினான் மேடம். வெண்மதி அத்த சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிச்சி. ரெண்டு மாசத்துல கேட் பாஸு, என் கேங்குலயே வேல.

அவ என்னா சொல்றாளா? அவதான் எழுத சொல்றா. எனக்கு ஆசையா? அவ வூட்டுக்காரன் போன பொறவு ஒரு வருசம் வூட்லயே கெடந்தா. இப்ப கொளஞ்சிநாதன் சொல்றாரு, அந்த எடம் காலியா இருக்குது, லிஸ்டுல பேரு வந்துடிச்சின்னா உனுக்கு பாஸு போட்டு தரேன், கூட்டற வேலைக்கு வந்துடுன்னு. அவுரு எடத்துல எம் பேர எழுதுப்பா, நான் என் புள்ளய யாரு கையயும் பாக்காம வளத்துக்கறேன்னு நிக்கறா. நான் வேணாம்னா, அப்ப நீ சாவற வரைக்கும் சோறு போடறியா, அதுக்கு அப்பறம்னு கேக்கறா.

காலியா வுட்டா? கேட்டு பாத்துட்டேன் மேடம். இருவத்தி நாலு இருந்தாதான் அந்த பக்கம் பொஸ்தகத்துல நிக்குமாம். இருவத்தி மூணு ஆயிடிச்சின்னா நெய்வேலின்ற வரியே எடுத்துடுவாங்களாம், மத்தவன் பாஸும் அதோட போவும். செல்லக்கிளி இருக்கா, மூணு பொண்ண வச்சிகினு, ஒம்போதாம் நம்பரு. அவ வயித்துல நான் அடிக்க முடியுமா? பயிற்சி இல்லன்னு எழுதலாம்னா அதுக்கு கட்டம் இல்ல. நீங்க ஜீப்புலேருந்து எறங்கறதுக்கு முன்னாடியே கண்ணாடி போட்டுகினு, போன சாரு குடுத்துட்டு போன மாதிரி பாரத்துல தேடி பாத்துட்டேன். பேரு, அப்பா பேரு, வயசு, போன் நம்பரு, பயிற்சி பெற்ற தேதி. தேதி எழுதறதுக்குத்தான் எடம் இருக்குது.

அடுத்த பயிற்சி எப்ப மேடம்? தெரியாதா. ம். போன சாரும் அதான் சொன்னாரு.

பேப்பர்லதான மேடம் இருக்கப் போவுது, யாரு கூப்புடப் போறாங்கன்றீங்க. நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. அச்சு அசலு இதே வார்த்தைய நானு அவனுக்கு சொன்னேன், தட்ட கையில குடுக்க சொல்ல. பேருதானடா, யாரு கடலுக்கு போவப் போறாங்கன்னு.

ஏன் அவன் வாயத் தொறக்கலியா? எனக்கு பயிற்சி இல்லன்னு அந்த ஆபீசராண்ட சொல்லியிருந்தா மணலு மேல நின்னுருப்பானேன்றீங்க.

கேட்டான் மேடம். என்னாண்ட கேட்டான்.

இத்த நான் யாராண்டயும் சொன்னதில்ல. அன்னிக்கு காத்தால எட்டு மணிக்கு போன் பண்ணான். நான் பெல்ட்டாண்ட நிக்கறேன், போன் எடுக்கவே கூடாது, மாப்பிள நம்பரா இருக்குதேன்னு எடுத்தேன். மாமா, பயிற்சி எடுத்தவங்கள கல்லு மேல அனுப்பறாங்க, நான் எடுக்கலன்னு சொல்லிடட்டுமான்றான். சொல்லாதடான்னேன். நீ எடுக்கலன்னா அப்ப கையெழுத்து யாரு போட்டதுன்னு கேப்பாங்க, உம் பேரும் போவும் எம் பேரும் போவும், பாஸ புடுங்கிடுவாங்க. அது ஒண்ணும் பெரிய வித்த இல்ல, மூணே மூணு வெசயம், நான் சொல்றேன் கேட்டுக்கன்னேன். சரி மாமான்னான். ஒண்ணு, இடுப்புல கயிறு கட்டிகினுதான் காலு வைக்கணும். சரி மாமா. ரெண்டு, தனியா எறங்காத, மாடசாமியோட ஜோடியா எறங்கு. சரி மாமா. மூணுன்னேன், சைரன் ஊதிடிச்சி.

ஊதுனா என் வாயி தானா மூடிக்கும்னேன் இல்லீங்களா. அப்பறம் பண்றேன்டான்னு வச்சிட்டேன். அடியில அஞ்சு பேரு இருக்கான், தல எண்ணணும். எண்ணுனேன். அஞ்சு பேரும் வந்துட்டான். டீ டைம்ல பண்ணலாம்னு இருந்தேன். டீ டைம்ல பெல்ட்டு உருள மாத்தணும்னு கூப்டுட்டாங்க. பதினொண்ணே காலுக்கு பண்ணேன். மணி அடிச்சிகினே இருந்துச்சி. கல்லு இடுக்குல கெடந்துருக்குது போன், மறாநாளு எடுத்தாங்க.

சொன்ன ரெண்டயும் செஞ்சிருக்கான் மேடம். கயிறு கட்டியிருந்தான். ஜோடியா எறங்கியிருந்தான்.

கையெழுத்து வெசயம் வெண்மதிக்கு தெரியும். போன் வெசயம் தெரியாது. அவளுக்கு ஒரு வாரமா மூணயும் சொல்லிக் குடுத்துகினு இருக்கேன். பாத்திரம் வெளக்க சொல்லகூட ஒப்பிக்கறா. அந்த சின்னது கூட சேந்துகினு மூணு வெரல காட்டுது. நேத்து சாயந்தரம் கூட்டிகினே இருந்தவ தொடப்பத்த வச்சிட்டு நின்னா. ஏம்பா, ஒரு வாயி வார்த்ததான இது, கடலுக்கு முதுக காட்டாதன்றது, இத்த அவுருக்கு யாரும் சொல்லலியான்னா.

அவன்தான் பயிற்சிக்கே போவலியேம்மான்னேன்.

ஆமாப்பான்னுட்டு திரும்ப கூட்ட ஆரம்பிச்சிட்டா.

குடுங்க மேடம் பேனாவ. எங்க போடணும், இங்கதான? தேதி என்னான்னு எழுதறது, அந்த ஆடி மாசத் தேதியே போட்டுடட்டுமா?